சியாட்டில் தன் பஸ்ஸுக்குத் தானே காசு போட்ட கதை

ஒரு நகரத்தில் ஓடும் பஸ்ஸுக்கு யார் பணம் தருகிறார்கள் என்று கேட்டால், ‘அரசாங்கம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். எந்த அரசாங்கம் என்று அடுத்த கேள்வி வந்தால்தான் யோசிக்கிறோம். மத்திய அரசா, மாநிலமா, மாநகராட்சியா? அல்லது டிக்கெட் காசிலேயே வண்டி ஓடிவிடுகிறதா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக நடந்தால், ‘எங்கள் ஊர்ப் போக்குவரத்துப் பணத்தை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று ஒரு நகரம் சொல்லும்போது அது உண்மையில் எதைக் கேட்கிறது என்பது புரிந்துவிடும். அமெரிக்காவின் சியாட்டில் இதற்கு நல்ல உதாரணம். அமேசான், மைக்ரோசாஃப்ட் வேலைக்காகத் தமிழர்கள் நிறையப் பேர் குடியேறிய பகுதி அது. அங்கே மாநகராட்சி மன்றம் இந்த விஷயத்தை 2010 முதல் திரும்பத் திரும்ப எடுத்துப் பேசியிருக்கிறது. வாக்காளர்களும் ஒருமுறை வேண்டாம், பிறகு வேண்டும் என்று தீர்ப்பு சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் யார் யார் என்று பார்த்துக்கொள்வோம். சியாட்டில் இருப்பது வாஷிங்டன் மாநிலத்தில். தலைநகர் வாஷிங்டன் வேறு. இது நாட்டின் வடமேற்கு மூலையில் உள்ள மாநிலம். மாநிலத்துக்குள் கிங் கவுண்டி என்று ஒரு மாவட்டம். மாவட்டம் என்றால் நம் கலெக்டர் அலுவலகம் போல மேலிருந்து நியமிக்கப்பட்டது அல்ல; மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றமும் நிர்வாகத் தலைவரும் அதற்கு உண்டு, தனி வரியும் உண்டு. அந்தக் கவுண்டிக்குள் சியாட்டில், பெல்வியூ, கென்ட், ரென்டன், ஆபர்ன் என்று 39 நகரங்கள். கவுண்டியின் மக்கள்தொகை 22 லட்சத்துக்கு மேல். அதில் ஏழு லட்சத்துச் சொச்சம் பேர் சியாட்டிலில் இருக்கிறார்கள்.

சியாட்டில் தெருக்களில் ஓடும் பஸ்களில் பெரும்பாலானவை சியாட்டில் மாநகராட்சியுடையவை அல்ல. ஒரு காலத்தில் அப்படி இருந்தன. 1973-ல் ‘மெட்ரோ’ என்ற வட்டார அமைப்பு அவற்றை எடுத்துக்கொண்டது. 1994-ல் அந்த மெட்ரோவே கிங் கவுண்டி அரசோடு இணைந்தது. பேர்தான் மெட்ரோ, ஆனால் ரயில் அல்ல, பஸ். ஆக, தெரு நகரத்துடையது. தெருவில் போகும் பஸ்ஸும் அதை ஓட்டும் டிரைவரும் பணிமனையும் கவுண்டியுடையவை. பஸ் நேரத்துக்கு வரவில்லை என்று ஒரு சியாட்டில்வாசி தன் கவுன்சிலரிடம் போய் முறையிட்டால், கவுன்சிலர் கவுண்டி மன்றத்தைத்தான் கை காட்ட வேண்டும். நம் ஊர்களிலும் மாநகரப் பஸ்ஸை மாநகராட்சி ஓட்டுவதில்லை என்பதால், இந்தச் சங்கடம் நமக்குப் புதிதாக இருக்காது.

இப்போது பணம். டிக்கெட் காசு செலவில் சுமார் கால் பங்கை ஈடுகட்டினாலே நல்ல வசூல் என்பதுதான் கிங் கவுண்டி மெட்ரோவின் நீண்டநாள் கணக்காக இருந்தது. இது திறமைக்குறைவு அல்ல. உலகில் பெரும்பாலான நகரப் பஸ் சேவைகள் டிக்கெட் காசில் ஓடுவதில்லை. மீதியில் பெரும்பகுதி விற்பனை வரியிலிருந்து வருகிறது. கவுண்டிக்குள் நாற்காலியோ சட்டையோ வாங்கினால், நூறு டாலருக்கு 90 சென்ட் மெட்ரோவுக்குப் போகும். வாஷிங்டன் மாநிலத்தில் சம்பளத்தின் மீது வருமான வரி கிடையாது. அதனால் எல்லாரும் விற்பனை வரியின் மீதே சாய்கிறார்கள். முன்பு காரின் மதிப்பை வைத்துப் போடும் வாகன வரி ஒன்றும் மெட்ரோவுக்குப் பெரிய ஆதாரமாக இருந்தது. 1999-ல் மாநிலம் தழுவிய வாக்கெடுப்பில் அதை ஒழிக்கச் சொல்லி முடிவு வந்தது. அந்த முடிவை நீதிமன்றம் பின்னர் செல்லாது என்றது. ஆனால் அதற்குள் சட்டமன்றமே தானாக அந்த வரியை எடுத்துவிட்டிருந்தது.

விற்பனை வரியை நம்பி இருப்பதில் ஒரு கஷ்டம் உண்டு. ஊரில் வேலை போகும் காலத்தில் மக்கள் சாமான் வாங்குவதைக் குறைக்கிறார்கள், வரி சரிகிறது, பஸ்ஸைக் குறைக்க வேண்டிவருகிறது. அதே நேரத்தில்தான் காரை விற்றுவிட்டு பஸ்ஸுக்கு வருபவர்கள் கூடுகிறார்கள். 2008 நெருக்கடிக்குப் பிறகு மெட்ரோவுக்கு இதுதான் நடந்தது.

இங்கே யாருக்கும் ஒரு கேள்வி எழும். பெட்ரோல் வரி இருக்கிறதே, அதை எடுத்து பஸ்ஸுக்குப் போட்டால் என்ன? போட முடியாது. வாஷிங்டன் மாநில அரசியலமைப்பில் 1944-ல் சேர்க்கப்பட்ட 18-வது திருத்தம், பெட்ரோல் வரியை நெடுஞ்சாலைக் காரியங்களுக்கு மட்டுமே செலவழிக்கலாம் என்கிறது. சாலை போடலாம், பாலம் கட்டலாம், கடலைக் கடக்க மாநிலம் ஓட்டும் ஃபெரி படகுக்குக்கூடச் செலவழிக்கலாம். பஸ் ஓட்ட முடியாது. ‘நெடுஞ்சாலைக்கு இத்தனை கோடி இருக்கிறது, பஸ்ஸுக்கு இல்லையா’ என்று கோபப்படுகிறவர்கள் கோபப்படுவது நியாயம்தான். ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் மாநகராட்சி அல்ல. எண்பது ஆண்டுக்கு முந்தைய ஒரு திருத்தம்தான் கையைக் கட்டிவைத்திருக்கிறது.

இனி, கிட்டத்தட்ட எல்லாருமே தவறாகப் புரிந்துகொள்ளும் இடத்துக்கு வருகிறோம். போக்குவரத்து நிதியில் உள்ளூர் அதிகாரம் என்று செய்தியில் படித்ததும், இதுவரை மாநிலம் வைத்திருந்த பணத்தில் ஒரு பங்கு இனி நகரத்துக்கு வரும், அதை நகரம் தன் இஷ்டப்படி செலவு செய்யும் என்று எடுத்துக்கொள்கிறோம். ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ‘எங்கள் வரிப்பணம் எங்களுக்கே’ என்று ஒருவர் கைதட்டுகிறார். ‘எங்கள் பங்கு போய்விடுமோ’ என்று பக்கத்து ஊர்க்காரர் பயப்படுகிறார்.

உண்மையில் இந்த ஏற்பாட்டில் மாநிலம் தன் பணத்தில் ஒரு சென்ட்கூட நகர்த்துவதில்லை. நகரத்துக்குக் கிடைப்பது, தன் மக்கள் மீது தானே ஒரு புது வரி போட்டுக்கொள்ள அனுமதி. அவ்வளவுதான். அந்த அனுமதியையும் மாநிலச் சட்டமன்றம்தான் தர வேண்டும். எந்தப் பொருள் மீது போடலாம், எத்தனை சதவீதம் வரை போகலாம், எத்தனை ஆண்டுக்குப் போடலாம், மக்களிடம் கேட்டுத்தான் போட வேண்டுமா, கேட்காமலும் போடலாமா என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதித்தான் தருவார்கள். அமெரிக்க அரசியலமைப்பில் நகராட்சி என்று ஒரு சொல்லே கிடையாது. நகரங்கள் மாநிலச் சட்டத்தால் உண்டானவை. மாநிலம் கொடுக்காத வரியை நகரம் போட முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை எளிதாகிவிடும்.

சியாட்டிலுக்குக் கிடைத்த அனுமதிக்கு ஒரு சட்டப் பெயர் இருக்கிறது. போக்குவரத்து நலவட்டம் என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். ஒரு நகரமோ கவுண்டியோ தன் எல்லைக்குள் இப்படி ஒரு வட்டத்தை அமைத்துக்கொள்ளலாம் என்று 1987-லேயே மாநிலச் சட்டம் வந்துவிட்டது. பின்னால் வந்த திருத்தங்கள்தான் அதற்கு உயிர் கொடுத்தன. சியாட்டில் தொடங்கிய காலத்தில் அவற்றின்படி, ஒவ்வொரு காருக்கும் ஆண்டுக்கு 20 டாலர் வரை மன்றமே தீர்மானம் போட்டு வசூலிக்கலாம் என்று இருந்தது. அதற்கு மேல் 100 டாலர் வரை போக வேண்டுமானால் மக்கள் வாக்களிக்க வேண்டியிருந்தது. மக்கள் ஒப்புக்கொண்டால் விற்பனை வரியில் 0.2 சதவீதம் வரை சேர்க்க முடிந்தது.

சியாட்டில் 2010-ல் இந்த வட்டத்தை அமைத்தது. அதன் ஆட்சிக்குழு யார் என்றால், மாநகராட்சி மன்றத்தின் அதே ஒன்பது உறுப்பினர்கள். ஆட்கள் ஒன்று, சட்டத்தின் கண்ணில் அரசு இரண்டு. அதற்குத் தனிக் கூட்டம், தனித் தீர்மானம், தனிக் கணக்கு. சட்டம் தளர்ந்த பிறகு 2016-ல்தான் மாநகராட்சி அதைத் தனக்குள் இழுத்துக்கொண்டது. வட்டம் அமைந்ததும் முதல் வேலையாக 20 டாலர் கட்டணம் 2011-ல் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு 60 டாலர் கேட்டு மக்களிடம் போனார்கள். மக்கள் முடியாது என்றார்கள்.

நகரம் ஏன் இத்தனை முனைப்பாக இருந்தது என்பதற்குப் பின்னால் ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. 2000-களின் தொடக்கத்திலிருந்து கவுண்டி மன்றம் ஒரு விகிதத்தைக் கடைப்பிடித்தது: மெட்ரோ புதிதாகச் சேர்க்கும் சேவையில் கிழக்குப் புறநகருக்கு 40, தெற்குப் புறநகருக்கு 40, சியாட்டில் அடங்கிய மேற்குப் பகுதிக்கு 20. நின்றுகொண்டு பயணம் செய்யும் கூட்டம் சியாட்டில் பஸ்ஸில்; புது வண்டிகளில் ஐந்தில் நான்கு வெளியே. புறநகர்க்காரர்களுக்கும் வாதம் இருந்தது. அவர்களும் அதே வரி கட்டுகிறார்கள், அவர்கள் தெருவில் மணிக்கு ஒரு பஸ்கூட இல்லை. இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. 2011-ல் அந்த விகிதத்தை எடுத்துவிட்டு, பயணிகள் எண்ணிக்கை, ஏழை எளியவர் தேவை, பகுதிகளுக்கிடையே சமநிலை என்று வேறு அளவுகோல்களைக் கவுண்டி கொண்டுவந்தது. ஆனால் ‘எங்கள் ஊர் பஸ்ஸை வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள்’ என்ற எண்ணம் சியாட்டிலில் அதற்குள் ஊறிப்போயிருந்தது.

2014 வந்தது. மெட்ரோவைத் தாங்கிப் பிடித்திருந்த தற்காலிக 20 டாலர் கார் கட்டணம் ஒன்று அந்த ஆண்டில் முடிந்தது. புது வழி கேட்டு மாநிலச் சட்டமன்றத்திடம் போனார்கள், ஒன்றும் நகரவில்லை. கவுண்டி தானே ஒரு நலவட்டம் அமைத்து, காருக்கு 60 டாலர், விற்பனை வரியில் 0.1 சதவீதம் என்று கேட்டு ஏப்ரலில் வாக்கெடுப்பு நடத்தியது. இல்லையென்றால் சேவையில் ஆறில் ஒரு பங்கை வெட்ட வேண்டிவரும் என்று முன்கூட்டியே சொல்லியும்விட்டது. சுமார் 54 சதவீதம் பேர் எதிர்த்து வாக்களித்து, கவுண்டி தோற்றது. ஆனால் சியாட்டில் நகரத்துக்குள் மட்டும் பார்த்தால் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு. அந்த எண்ணைப் பார்த்த உடனே, அதே 60 டாலரையும் அதே 0.1 சதவீதத்தையும் நகர எல்லைக்குள் மட்டும் கேட்டுப் பார்ப்போம் என்ற யோசனை வலுத்தது. செப்டம்பரில் மெட்ரோ சுமார் ஒன்றரை லட்சம் சேவை மணியை வெட்டியது. நவம்பரில் சியாட்டில் வாக்காளர்கள் 62 சதவீத ஆதரவோடு வரியை ஏற்றுக்கொண்டார்கள்.

சேவை மணி என்பது இந்தத் துறையின் நாணயம் மாதிரி. கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒரு பஸ், ஒரு டிரைவர், ஒரு மணி நேரம் பாதையில் இருந்தால் அது ஒரு சேவை மணி. டிரைவர் சம்பளம், டீசல், டயர், பராமரிப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். சியாட்டில் தன் வரிப்பணத்தில் பஸ் வாங்கவில்லை, டிரைவரை வேலைக்கு எடுக்கவில்லை. கவுண்டியோடு ஒப்பந்தம் போட்டு, இந்த வழித்தடத்தில் இத்தனை சேவை மணி கூடுதலாகக் கொடு என்று விலைக்கு வாங்கியது.

தெருவுக்கே பால் ஊற்றுகிற ஒருவரிடம் நம் வீட்டுக்கு மட்டும் அரை லிட்டர் கூடுதலாகச் சொல்லிவைப்பது போன்றது இது. மாடும் அவருடையது, கேனும் அவருடையது, எத்தனை மணிக்கு வருவார் என்பதும் பெருமளவு அவர் கையில். நாம் செய்வது அளவைக் கூட்டி, அதற்குக் காசு கொடுப்பது. இதில் ஒரு சின்ன ஆபத்து ஒளிந்திருக்கிறது. இவர்கள்தான் தனியாகக் காசு கொடுக்கிறார்களே என்று வழக்கமாக ஊற்றும் பாலில் கால் லிட்டரைக் குறைத்துப் பக்கத்து வீட்டுக்கு ஊற்றிவிட்டால், கூடுதல் காசு கொடுத்தும் நமக்கு லாபம் பாதிதான். ஒரு நகரம் தன் காசில் சேவை வாங்கும்போது மன்ற உறுப்பினர்கள் ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டியது இந்த இடத்தைத்தான்: அடிப்படைச் சேவை எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா, நாம் வாங்குவது அதற்கு மேல்தான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? இன்னொரு பாதுகாப்பு வரிக்குள்ளேயே இருந்தது. நிறுத்தங்களில் 80 சதவீதமாவது நகர எல்லைக்குள் இருக்கும் வழித்தடங்களுக்குத்தான் இந்தப் பணத்தில் பெரும்பகுதி போகும் என்று விதி. பிறகு அதைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். பஸ் பாதைக்கு நகர எல்லைக்கோடு தெரியாது அல்லவா?

அதிர்ஷ்டமும் கூட வந்தது. பொருளாதாரம் நிமிர்ந்து, விற்பனை வரி எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்ததால், மீதி வெட்டுகளைக் கவுண்டி கைவிட்டது. வெட்டைத் தடுக்கக் கேட்ட பணம் சேவையைக் கூட்டப் பயன்பட்டது. ஆண்டுக்குச் சுமார் 4.5 கோடி டாலர். 2015 நடுவிலிருந்து பஸ்கள் கூடின. நெரிசல் பாதைகளில் வண்டி சேர்ந்தது. இரவிலும் ஞாயிறிலும் இடைவெளி குறைந்தது. நகரம் வைத்துக்கொண்ட அளவுகோல் எளிமையானது: வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில், பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ். 2015-ல் சியாட்டில் வீடுகளில் கால் பங்குக்குத்தான் அது இருந்தது. 2019-ல் பத்தில் ஏழு வீடுகளுக்கு. பத்து நிமிடம் என்பது சும்மா ஒரு எண் அல்ல. அரை மணிக்கு ஒரு பஸ் என்றால் நேர அட்டவணையைப் பார்த்துத்தான் வீட்டை விட்டு இறங்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் அட்டவணையே வேண்டாம். போய் நின்றால் வரும். ஒரு குடும்பம் இரண்டாவது காரை விற்கலாமா என்று யோசிக்கத் தொடங்குவது அங்கேதான்.

ஆனால் பணம் இருந்தும் முடியாத காரியங்கள் இருந்தன. காலை மாலை நெரிசல் நேரத்துக்கு இன்னும் பஸ் வேண்டும் என்று நகரம் கேட்டபோது, கவுண்டியின் பணிமனைகளில் கூடுதல் பஸ்ஸை நிறுத்த இடம் இல்லை. இடம் கட்ட ஆண்டுக்கணக்கில் ஆகும். அதனால் பணத்தை நெரிசல் இல்லாத நேரத்துச் சேவைக்கும், உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு இலவசப் பயண அட்டை தருவதற்கும் திருப்பினார்கள். கொரோனாவுக்குப் பிறகு டிரைவர் பற்றாக்குறை வந்தது. கையில் காசோடு நகரம் நின்றது, ஓட்ட ஆள் இல்லை. வரி உள்ளூருடையதாக இருந்தாலும் வண்டியும் ஆளும் இன்னொருவருடையவை என்றால் எல்லை அங்கே வந்துவிடுகிறது.

மன்றத்துக்குள் நடந்த வாக்குவாதம், பஸ் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பற்றியது அல்ல. எந்த வரி என்பதைப் பற்றியது. அரிசி வாங்கும் ஏழைக்கும் ஒரு சதவீதம், தங்கம் வாங்கும் பணக்காரருக்கும் ஒரு சதவீதம் என்று விற்பனை வரியைப் பற்றிப் பேசுவதைக் கேட்டிருப்போம். வாஷிங்டன் மாநிலத்தில் அரிசி, காய்கறி போன்ற உணவுப் பொருளுக்கு விற்பனை வரி இல்லை என்பதால் அந்த உதாரணம் அங்கே பொருந்தாது. ஆனால் செருப்புக்கும் சோப்புக்கும் உண்டு. வருமானத்தில் பெரும்பகுதியைச் செலவழித்தே தீர வேண்டியவர் மீது பாரம் கூடுதல். அதனால் 2014-ல் நிக் லிகாட்டா, க்ஷமா சாவந்த் என்ற இரு உறுப்பினர்கள், விற்பனை வரிக்குப் பதிலாகத் தனியார் வாகன நிறுத்தங்கள் மீதும், ஆள் கணக்கில் நிறுவனங்கள் மீதும் வரி போடலாம் என்றார்கள். மன்றம் ஏற்கவில்லை. ஏழைக் கார் உரிமையாளருக்கு 60 டாலரில் 20 டாலரைத் திருப்பித் தருவது என்று ஒரு சலுகை மட்டும் சேர்ந்தது. என்னைக் கேட்டால், அந்த இருவர் எழுப்பிய கேள்வி சரியான கேள்வி. ஆனால் மாநிலம் தந்த பட்டியல் அத்தனை குட்டை. கிடைக்கிற வரிகளில் குறைந்த கெடுதலைத் தேடுவதுதான் நகர மன்றத்தின் வேலையாகிப்போகிறது.

இப்போது நாம் அந்தக் கட்டணம் கட்டும் கார்களில் ஒன்றின் பின்னால் போய் நிற்போம். நம்பர் பிளேட்டின் ஓரத்தில் ஆண்டு எண்ணோடு ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஒவ்வோர் ஆண்டும் உரிமத்தைப் புதுப்பித்துப் பணம் கட்டினால்தான் புது ஸ்டிக்கர். அந்தப் பணத்துக்கான பில்லில் வரிசையாக வரிகள்: மாநிலத்தின் அடிப்படைக் கட்டணம், ரயில் திட்டம் கட்டும் சவுண்ட் டிரான்சிட் அமைப்புக்குக் காரின் மதிப்பில் ஒரு பங்கு, நகரத்தின் நலவட்டக் கட்டணம். விற்பனை வரி கடைச்சீட்டில் கரைந்துபோகும், கண்ணில் படாது. இது ஒரே நாளில் மொத்தமாகக் கண்ணில் அறையும். மக்களின் கோபமெல்லாம் அந்த ஸ்டிக்கர் மீது திரண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

2019 நவம்பரில் டிம் ஐமன் என்பவர் முன்னெடுத்த, கார் கட்டணத்தை 30 டாலருக்குள் அடக்கச் சொல்லும் முன்மொழிவு மாநிலம் முழுக்க வாக்குக்கு வந்து, 53 சதவீத ஆதரவில் வென்றது. சியாட்டில் பெருவாரியாக அதை எதிர்த்து வாக்களித்திருந்தது. இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். சியாட்டில் மக்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கட்டணம். தங்கள் ஊர் பஸ்ஸுக்காக. வெளியூர்க்காரர் ஒரு சென்ட்டும் கட்டவில்லை. ஆனாலும் அதை நிறுத்துவதற்கான வாக்கு, அதே மாநிலத்தில், மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் 400 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ஸ்போக்கேன் நகரத்துக்காரர் கையிலும் இருந்தது. அனுமதியைத் தந்தது மாநிலம் என்றால், திரும்ப எடுக்கும் உரிமையும் மாநிலத்துக்குத்தான். நாம் முன்பு நின்று பார்த்த அந்தத் தவறான புரிதல் ஒரு நகரத்துக்கு எவ்வளவு செலவு வைக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டிவிட முடியாது.

நகரமும் கவுண்டியும் வழக்குப் போட்டன. 2020 அக்டோபர் 15 அன்று மாநில உச்ச நீதிமன்றம் அந்த முன்மொழிவைச் செல்லாது என்று தள்ளியது. ஒரே முன்மொழிவில் பல விஷயங்களைச் சேர்த்தது ஒரு காரணம். வாக்குச்சீட்டின் வாசகம் இன்னொன்று. ‘வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட கட்டணங்கள் நீங்கலாக’ என்று அதில் இருந்தது. அதைப் படிப்பவர், ஏற்கெனவே மக்கள் ஒப்புக்கொண்டவை தொடரும் என்றுதான் நினைப்பார். சட்டமோ அவற்றையும் ஒழித்தது.

தீர்ப்பு வந்தது நல்லதுதான், ஆனால் மன்றத்துக்குத் தாமதமாக வந்தது. 2014-ல் மக்கள் கொடுத்த ஆறு ஆண்டு ஒப்புதல் 2020 முடிவோடு தீர்கிறது. நவம்பர் வாக்குச்சீட்டில் புதுக் கேள்வியைச் சேர்க்க வேண்டுமானால் கோடையிலேயே முடிவெடுத்தாக வேண்டும். கார் கட்டணம் நிற்குமா விழுமா என்று தெரியாத நிலையில், மன்றம் அதை விட்டுவிட்டு விற்பனை வரியை மட்டும் கேட்பது என்று தீர்மானித்தது. ஏழைகள் மீது கூடுதல் பாரம் என்று ஆறு ஆண்டுக்கு முன் வாதாடிய அதே வரி. கொரோனாவில் பஸ்கள் காலியாக ஓடிக்கொண்டிருந்த ஆண்டு அது. நகரத்தின் மிக முக்கியமான மேற்கு சியாட்டில் பாலத்தில் விரிசல் கண்டு அந்த மார்ச்சிலேயே மூடியிருந்தார்கள். மேயர் கேட்டது பழைய 0.1 சதவீதம், மன்றம் அதை 0.15 ஆக உயர்த்தியது. சுமார் 80 சதவீதம் பேர் சரி என்றார்கள். நூறு டாலர் சாமானுக்கு 15 சென்ட்.

இதில் எனக்கு நெருடும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சியாட்டில் வீட்டு வாடகை தாங்காமல் தெற்கே கென்ட், ஆபர்ன் பக்கம் குடிபோனவர்கள் பல்லாயிரம் பேர். பஸ் மிகவும் தேவைப்படுகிறவர்கள் அவர்கள். அந்த நகரங்களில் விற்பனை சிறிது, வரி சிறிது. சியாட்டிலைப் போல் கூடுதல் சேவை மணி வாங்க அவற்றால் முடியாது. வசதியுள்ள நகரம் தனக்கு வேண்டியதைத் தானே வாங்கிக்கொண்ட பிறகு, கவுண்டி முழுவதற்குமான வரிக்கு அதே உற்சாகத்தோடு வாக்களிக்குமா? 2014 ஏப்ரலில் சியாட்டில் அப்படி வாக்களித்தது என்பதை மறக்கக் கூடாது. மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் அது முதலில் பணம் கேட்டது. மறுக்கப்பட்ட பிறகே தனியாகப் போனது. ஆகவே நகரத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தனியாகப் போகும் வழி நன்றாக இருக்கிறது என்பதற்காக, சேர்ந்து போகும் வழியை மாநிலம் அடைத்தே வைத்திருப்பதை ஏற்க முடியாது. பள்ளி மாணவர் அட்டையில் நடந்ததைப் பாருங்கள். சியாட்டில் தன் வரியில் தொடங்கிய அந்தக் காரியத்தை, 2022-ல் மாநிலமே ஏற்று, 18 வயது வரை உள்ள அனைவருக்கும் பெரும்பாலான ஊர்ப் பஸ்களில் கட்டணம் இல்லை என்று ஆக்கியது. கென்ட் பிள்ளையும் இப்போது டிக்கெட் இல்லாமல் ஏறுகிறது.

சியாட்டில் மக்கள் கொடுத்திருக்கும் ஒப்புதலுக்கும் கெடு உண்டு. 2021 ஏப்ரலில் தொடங்கிய அந்த 0.15 சதவீதம் ஆறே ஆண்டுக்குத்தான். 2027 மார்ச் கடைசியோடு அது முடிகிறது. அதற்குப் பிறகும் பஸ்கள் இதே எண்ணிக்கையில் ஓட வேண்டுமென்றால், மாநகராட்சி மன்றம் திரும்பவும் உட்கார்ந்து எந்த வரி, எவ்வளவு, எத்தனை ஆண்டு என்று முடிவு செய்து மக்களிடம் போய்க் கேட்க வேண்டும்.